தினமும் குளத்தில் இறங்குகிறவர்களுக்கு: நீச்சல் உடை வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

அந்தக் காஸ்ட்யூமை வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கருநீலம், இடுப்போரம் ஒரு வெள்ளைக் கோடு, விலை 700 ரூபாய். ஒருநாள் காலை ஆறு மணி பேட்ச் முடிந்து உடை மாற்றும் அறைக்குள் போனபோது, அங்கே பல வருடமாக நீந்துகிற ஓர் அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அறுபதைத் தாண்டியவர். நிற்காமல் இருபது லேப் போவார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏம்மா, தப்பா எடுத்துக்காத. பின்னாடி எல்லாம் தெரியுது. அந்தத் துணி செத்துப் போச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்து ட்யூப்லைட் முன்னால் பிரித்துப் பிடித்தேன். உட்காரும் இடம் கொசுவலை மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தால் நீண்டது, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இழுத்த இடத்தில் வெள்ளை முடி போலப் பொடி இழைகள் அறுந்து நீட்டிக்கொண்டிருந்தன. இந்த உடையைப் போட்டுக்கொண்டு எத்தனை நாள் எல்லார் முன்னாலும் ஏணியில் ஏறி வந்திருக்கிறேன் என்று நினைத்ததும் காது சூடாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். வருடத்துக்கு இரண்டு முறை ரிசார்ட்டில் கால் நனைப்பவர்களுக்கு இது தேவைப்படாது. வாரம் மூன்று, நான்கு, ஐந்து நாள் குளத்தில் இறங்கி, சுவரை உதைத்து நீந்துகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் இருப்பது சென்னை, நீந்துவது திறந்தவெளிக் குளம். அந்த வெயிலும் வியர்வையும் இந்தக் கட்டுரை முழுக்க இருக்கும்.

முதலில்: உடை எதனால் சாகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கடையில் கிடைக்கும் பெரும்பாலான நீச்சல் உடைகளில் இரண்டு வகை இழை உண்டு. ஒன்று உடம்பு, அதாவது நைலான் அல்லது பாலியஸ்டர். இன்னொன்று ரப்பர் மாதிரி இழுபடும் இழை. இதற்குத்தான் எலாஸ்டேன், ஸ்பான்டெக்ஸ், லைக்ரா என்று மூன்று பெயர். மூன்றும் ஒன்றே. லைக்ரா என்பது ஒரு வணிகப் பெயர், அவ்வளவுதான். 1958ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. தன் நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இழுத்தாலும் திரும்பி வந்துவிடும். நீச்சல் உடை உடம்போடு ஒட்டி நிற்பதே இதன் தயவில்தான்.

குளத்தில் இந்த இழைக்குப் பெரிய எதிரி குளோரின். குளத்தில் குளோரின் போடும்போது அது தண்ணீரோடு சேர்ந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. கிருமியைக் கொல்வதும் அதுதான், எலாஸ்டேனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதும் அதுதான். ஒழுங்காகப் பராமரிக்கும் குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கும். கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் தினம் ஒரு மணி நேரம் அதிலேயே ஊறினால் இழை பொடிந்துபோகும். வெயில் குளோரினைச் சீக்கிரம் அழித்துவிடும் என்பதால் பல திறந்தவெளிக் குளங்களில் சாயங்காலமோ இரவோதான் மருந்து போடுவார்கள். ஆக, விடிந்ததும் இறங்குகிற முதல் பேட்ச்தான் நல்ல காரமான தண்ணீரில் நீந்துகிறது. மதியப் பேட்ச்காரர்களின் காஸ்ட்யூம் நம்முடையதைவிட அதிக நாள் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

நைலானும் குளோரினில் மெதுவாகத் தேயும், சாயமும் போகும். பாலியஸ்டர் கிட்டத்தட்ட அசையவே அசையாது. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

படி 1: உங்கள் கணக்கைப் போடுங்கள்

வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? வாரம் ஒரு நாள் என்றால் எந்த நல்ல லைக்ரா உடையும் போதும், மேலே படிக்க வேண்டியதில்லை. மூன்று நாளுக்கு மேல் என்றால் விலைச்சீட்டைப் பார்க்கும் விதத்தை மாற்ற வேண்டும்.

என் கணக்கைச் சொல்கிறேன். 700 ரூபாய் உடை மூன்று மாதம் வந்தது. வாரம் ஐந்து நாள், நடுவில் மழை, விடுமுறை எல்லாம் கழித்தால் சுமார் 60 தடவை இறங்கியிருப்பேன். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு அடுத்து 2,400 ரூபாய்க்கு லைக்ராவே இல்லாத ஒன்றை வாங்கினேன். பதினைந்து மாதம், கிட்டத்தட்ட 300 தடவை. ஒரு தடவைக்கு எட்டு ரூபாய். அதுவும் கிழியவில்லை, சாயம் மங்கியதால்தான் மாற்றினேன். கடையில் நிற்கும்போது 2,400 என்ற எண் கண்ணைக் குத்தத்தான் செய்யும். 300ஆல் வகுத்துப் பாருங்கள்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. பந்தயத்துக்கு என்று தனியாக விற்கும் விலை உயர்ந்த உடைகளைப் பயிற்சிக்கு வாங்காதீர்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் எட்டுத் தங்கம் வாங்கியபோது ஸ்பீடோ நிறுவனத்தின் எல்இசட்ஆர் ரேசர் என்ற உடை பெரிதாகப் பேசப்பட்டது. மறுவருடம் ரோமில் நடந்த உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் விழுந்தன. கடைசியில், அப்போது ஃபினா என்று பெயர் கொண்டிருந்த உலக நீச்சல் சம்மேளனம் 2010 முதல் அந்த மாதிரி பாலியூரித்தேன் (ஒரு வகை பிளாஸ்டிக்) உடைகளையே தடை செய்தது. இப்போது வருகிற பந்தய உடைகள் நெய்த துணிதான். ஆனாலும் அவை சில போட்டிகள் வரைதான் தாங்கும். போட்டு முடிக்கவே பத்து நிமிடம் போராட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு தினப் பயிற்சிக்குப் போவது, கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் துணி துவைப்பது மாதிரி.

படி 2: லேபிளைப் படியுங்கள்

உடையின் முன்பக்கம் "குளோரின் ரெசிஸ்டன்ட்" என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை விடுங்கள். யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். உள்ளே, பக்கவாட்டுத் தையலில் ஒரு வெள்ளைச் சீட்டு இருக்கும். துவைக்கும் முறையோடு, என்ன இழை எத்தனை சதவீதம் என்று அதில் போட்டிருப்பார்கள். அதுதான் ஜாதகம்.

"நைலான் 80, எலாஸ்டேன் 20" என்று இருந்தால் மிருதுவாக இருக்கும், போட்டதும் சுகமாக இருக்கும், சீக்கிரம் போய்விடும். சில சீட்டுகளில் நைலானுக்குப் பதில் பாலிஅமைடு என்று இருக்கும், அதுவும் நைலான்தான். நான் மூன்று மாதத்தில் கொன்றது இந்த வகை. எப்போதாவது நீந்துபவர்களுக்கு இதில் தப்பில்லை. லைக்ராவிலேயே குளோரினைத் தாங்கும்படி செய்த ரகம் உண்டு, எக்ஸ்ட்ரா லைஃப் என்ற பெயரில் வரும். சாதாரண லைக்ராவைவிட நன்றாகவே உழைக்கும். நைலான் உடைதான் பிடிக்கும் என்றால் அந்தப் பெயரைத் தேடி வாங்குங்கள்.

"பாலியஸ்டர் 80, எலாஸ்டேன் 20" கொஞ்சம் மேல். சாயம் நிற்கும், ஆனால் இழுவிசை அதே எலாஸ்டேனை நம்பித்தான் இருக்கிறது. உடம்பு பிழைக்கும், உயிர் போகும். எலாஸ்டேன் ஐந்தாறு சதவீதமாகக் குறைந்தால் ஆயுளும் அந்த அளவுக்குக் கூடும்.

நமக்கு வேண்டியது "பாலியஸ்டர் 53, பிபிடி 47" மாதிரி எழுதியிருப்பது. எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். பிபிடி என்பதும் பாலியஸ்டர் குடும்பம்தான், பாலிபியூட்டிலீன் டெரப்தலேட். ஆனால் சாதாரண பாலியஸ்டரைவிட இழுபடும், விட்டால் திரும்பும். எலாஸ்டேன் இல்லாமலே உடை உடம்போடு நிற்கக் காரணம் இதுதான். குளோரினுக்குத் தின்ன ரப்பரே இல்லை. ஸ்பீடோவில் என்டியூரன்ஸ் பிளஸ், அரீனாவில் மேக்ஸ்லைஃப் என்று வருபவை இந்த வகை. டெகத்லான் விளையாட்டுப் பொருள் கடையில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சீட்டைப் புரட்டாமல் எடுக்காதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. பிபிடி துணி முதலில் கொஞ்சம் முரடாக இருக்கும். லைக்ரா மாதிரி உடம்பை அணைக்காது. லைக்ராவில் இடுப்பு ஒரு இஞ்ச் கூடினாலும் உடை கண்டுகொள்ளாது. இதில் தெரியும். அதனால்தான் அளவு எடுப்பது முக்கியமாகிறது.

துணியின் கனத்தையும் தொட்டுப் பாருங்கள். திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜிஎஸ்எம் என்றால் விளக்க வேண்டியதில்லை: ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். நல்ல பயிற்சி உடை பெரும்பாலும் 190 முதல் 220 வரை இருக்கும். கடையில் தராசு இருக்காது. அதனால் நான் செய்வது: உட்காரும் இடத்துத் துணிக்குள் கையை விட்டு விரல்களை விரித்து, கடை விளக்குக்கு நேரே பிடிப்பேன். விரலின் நிறம் தெரிந்தால் திரும்ப மாட்டிவிடுவேன்.

படி 3: எந்த வெட்டு?

இது பெண்களுக்குக் கொஞ்சம் நீளமான கதை, ஆண்களுக்குச் சின்னது. சின்னதை முதலில் முடித்துவிடலாம்.

ஆண்களுக்கு மூன்று: ஜட்டி போன்ற பிரீஃப், தொடையின் மேல்பாதி வரை வரும் ட்ரங்க்ஸ், முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் ஜாமர். வெட்கம் ஒரு பக்கம் என்றால் ஜாமர்தான் வசதி. ஆனால் துணி அதிகம், காய நேரமாகும். எதை எடுத்தாலும் உள்ளே நாடா இருக்க வேண்டும். வெறும் எலாஸ்டிக்கை நம்பிச் சுவரை உதைத்தால் ஒருநாள் அது முழங்காலுக்குப் போய்விடும். பெர்முடா, பாக்கெட் வைத்த ஷார்ட்ஸ் எல்லாம் கடற்கரைக்கு. பாக்கெட்டில் தண்ணீர் நிரம்பி, பாராசூட் மாதிரி பின்னால் இழுக்கும். பருத்தி பனியனோடு இறங்க விடமாட்டோம் என்று குளத்தில் சொல்வதற்கும் காரணம் உண்டு. பருத்தி நூல்பஞ்சு உதிர்ந்து ஃபில்டரில் அடைக்கும்.

பெண்களுக்கு முதல் கேள்வி, எவ்வளவு மூட வேண்டும் என்பது. இதில் யாரும் யாருக்கும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து வெட்டுக்குப் பயந்து நீச்சலையே விட்ட பெண்கள் இருக்கிறார்கள். முழுக்கை, கணுக்கால் வரை மூடிய உடையில் மிக அழகாக ஃப்ரீஸ்டைல் போகிறவர்களும் இருக்கிறார்கள். கேள்வி மூடுவதைப் பற்றியதல்ல, இறுக்கத்தைப் பற்றியது. மூடியிருந்தாலும் தோல் மாதிரி ஒட்டியிருந்தால் நீந்தலாம். தொளதொள என்று இருந்தால் ஒவ்வொரு லேப்பிலும் ஒரு வாளித் தண்ணீரை இழுத்துக்கொண்டு போவீர்கள்.

இந்த இடத்தில் நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்கும் ஃப்ராக் மாடலைச் சொல்ல வேண்டும். இடுப்பைச் சுற்றிக் குட்டைப் பாவாடை வைத்தது. பயிற்சிக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. தண்ணீரில் பாவாடை மேலே எழும்பும், மறைக்க வைத்தது மறைக்காது. பின்னோக்கி நீந்தும்போது வயிற்றில் சுருண்டு கிடக்கும். தொடை மறைய வேண்டும் என்றால் முழங்கால் வரை கால் வைத்த ஒற்றை உடையை எடுங்கள். லெக்கிங்ஸும் மேல்சட்டையுமாக இரண்டு துண்டாக வாங்கினால், சட்டையின் கீழ்விளிம்பை உள்ளே கட்டிக்கொள்ள நாடாவோ கொக்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டைவ் அடித்து மேலே வரும்போது சட்டை கழுத்தில் இருக்கும். ஜிப் வைத்த முழு உடை என்றால் ஜிப்பின் மேல்முனையில் துணிமடிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தை அறுக்கும்.

அடுத்தது முதுகு. பயிற்சிக்கு வாங்கும்போது முன்பக்கத்தைவிட முதுகைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும். பட்டைகள் முதுகில் எக்ஸ் மாதிரி குறுக்கே போகிறதும், நடுவில் ஒன்றுசேர்கிறதும் தோளிலிருந்து நழுவாது, தோள்பட்டை எலும்பையும் தடுக்காது. யு மாதிரி இறங்கி, தோளிலிருந்து நேராகப் போகும் பட்டைகள் தோள் சரிவானவர்களுக்கு நழுவிக்கொண்டே இருக்கும். மெல்லிய பட்டையில் கை நன்றாகச் சுழலும், மார்பு கனமானவர்களுக்கு அதுவே தோளில் வெட்டும். அவர்கள் அகலப் பட்டை, உள்ளே மார்புப் பகுதிக்கு ஒரு பட்டி வைத்தது என்று போவது நல்லது. தனியாகக் கழற்றும் ஸ்பாஞ்ச் கப் வேண்டாம். நாலாவது நாள் ஒன்று தொப்புளுக்குப் போயிருக்கும்.

படி 4: இஞ்ச் டேப்பை எடுங்கள்

மார்பு, இடுப்பு, பின்பக்கம் என்ற மூன்று அளவுதான் நமக்குத் தெரியும். ஒற்றை உடைக்கு நான்காவது ஒன்று உண்டு, அதுதான் பெரும்பாலும் கவிழ்த்துவிடும். தோளின் நடுவில் டேப்பை வைத்து, மார்பு வழியாகக் கீழே இறக்கி, காலிடையில் கொண்டுபோய், முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டு வாருங்கள். அளவுப் பட்டியலில் இதை டார்சோ என்று போட்டிருப்பார்கள். தனியாக எடுக்க முடியாது, அம்மாவையோ அக்காவையோ தங்கையையோ கூப்பிடுங்கள். எனக்கு 63 இஞ்ச். மார்பு அளவை மட்டும் பார்த்து 34 எடுத்த காலம் முழுக்கத் தோளில் சிவப்புக் கோடு. நான் குண்டாகிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உடல் நீளம்தான் காரணம். 36 எடுத்ததும் கோடு போயிற்று.

இரண்டு அளவுக்கு நடுவில் விழுந்தால்? நைலான் லைக்ராவாக இருந்தால் சின்னதை எடுங்கள், அது தண்ணீரில் தளரும். பிபிடியாக இருந்தால் பெரியதை எடுங்கள், அது தளராது.

குழந்தைகளுக்கு வாங்கும்போது நம் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே வரும். "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா எடு." பள்ளிச் சீருடைக்குச் சரி. நீச்சல் உடைக்கு இது ஆகாது. தொளதொள உடையில் குழந்தை நீந்தக் கற்பதே கஷ்டம். இன்னொன்று, வெளிர்நீலமும் வெள்ளையும் குழந்தைகளுக்கு வேண்டாம். நீல டைல்ஸ் போட்ட குளத்தில் தண்ணீருக்கு அடியில் அந்த நிறம் கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சோ இளஞ்சிவப்போ இருந்தால் கரையில் நிற்பவருக்குப் பிள்ளை எங்கே என்று உடனே தெரியும்.

படி 5: ட்ரயல் ரூமில் கூச்சப்படாதீர்கள்

பல கடைகளில் நீச்சல் உடையைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். எனவே போட்டுப் பார்ப்பது கட்டாயம். உள்ளாடை மேலேயே போடுங்கள், சுகாதாரத்துக்காக ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையைப் பிரிக்காதீர்கள்.

போட்டதும் கண்ணாடி முன்னால் நின்று அழகு பார்ப்பது கடைசி வேலை. முதலில் இரண்டு கையையும் தலைக்கு மேலே கோத்து, காதை ஒட்டி நீட்டுங்கள், சுவரை உதைத்துப் போகும் நிலை அது. அப்போது காலிடையில் வெட்டினால் உடை குட்டை. கையை இறக்கி, தோள்பட்டையில் பட்டைக்கு அடியில் இரண்டு விரல் விட்டுத் தூக்குங்கள். விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும், ஆனால் பட்டை ஒரு இஞ்சுக்கு மேல் எழக் கூடாது. பிறகு கையை முன்னும் பின்னும் பெரிதாகச் சுழற்றுங்கள், இருபது தடவை. வெளியே இருப்பவர்கள் என்ன சத்தம் என்று நினைத்தால் நினைக்கட்டும். அக்குள் ஓரத்தில் தையல் உரசுகிறதா என்று தெரிய இதைத் தவிர வழியில்லை. கடைசியாக முழுக்க உட்கார்ந்து எழுந்திருங்கள். பின்புறம் மேலேறிவிட்டால் எழுந்ததும் கையால் இழுக்கத் தோன்றும். கடையில் ஒரு தடவை இழுத்தால், குளத்தில் ஒவ்வொரு திரும்பலுக்கும் இழுப்பீர்கள்.

முதுகின் கீழ்ப்பகுதியில் துணி தூக்கி நிற்கிறதா என்று பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். அங்கே இடைவெளி இருந்தால் தண்ணீர் புகுந்து பலூன் ஆகும். காய்ந்த நிலையில் "கொஞ்சம் டைட்டா இருக்கே" என்று தோன்றினால்தான் தண்ணீரில் சரியாக இருக்கும். மூச்சு முழுதாக இழுக்க முடிய வேண்டும், அதுதான் எல்லை.

உடையைக் கழற்றியதும் உள்பக்கம் புரட்டி விரலால் தையலைத் தடவுங்கள். தட்டையாகப் படுத்திருக்கும் தையல் நல்லது. முண்டாக எழுந்து நின்றால், ஆயிரம் மீட்டர் நீந்திய பிறகு அது பிளேடு. முன்பக்கம் முழுதும் உள்துணி இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிர் நிற உடை என்றால் ஈரமானதும் நிலைமை வேறு. எனக்குக் கறுப்பும் கருநீலமும் தவிர வேறு நிறத்தில் நம்பிக்கை இல்லை. மாதவிடாய் நாட்களை நினைத்தாலும் அதுதான் நிம்மதி. நியான் பச்சை, நியான் இளஞ்சிவப்பு எல்லாம் நைலானில் வெகு சீக்கிரம் வெளுக்கும். பாலியஸ்டரில் தாங்கும்.

படி 6: முதல் வாரம்

புது உடையைப் பச்சைத்தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுப் போடுங்கள். முதல் நாளே ஒன்றரை மணி நேரம் நீந்தாமல் அரை மணியோடு நிறுத்திப் பாருங்கள். அக்குள், கழுத்தோரம், தொடை மடிப்பு என மூன்று இடத்தில் எங்கே சிவக்கிறது என்று கண்டுபிடித்து, அடுத்த நாள் அங்கே மட்டும் கொஞ்சம் வாசலின். பட்டாணி அளவு போதும். பிபிடி உடை இரண்டு வாரத்தில் வழிக்கு வரும். அதற்குப் பிறகும் அதே இடத்தில் சிவந்தால் அளவு தப்பு, வாசலின் காப்பாற்றாது.

படி 7: காப்பாற்றுவது

நல்ல உடை வாங்கினால் பாதி தூரம். மீதி, குளத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் பத்து நிமிடத்தில் இருக்கிறது.

இறங்குமுன் ஷவரில் உடையோடு நன்றாக நனையுங்கள். துணி முதலில் நல்ல தண்ணீரைக் குடித்துவிட்டால் குளத்துத் தண்ணீர் அந்த அளவுக்கு உள்ளே போகாது. தலைமுடிக்கும் இதே கணக்கு. குளத்தில் வரும் அந்த மூக்கைத் துளைக்கும் நாற்றம் குளோரின் அதிகம் என்பதற்கு அடையாளம் இல்லை. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன் வாசனை அது. எல்லாரும் குளித்துவிட்டு இறங்கினால் நாற்றமும் குறையும், கண் எரிச்சலும் குறையும்.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கினால் முடி கெடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். எண்ணெய் கழுத்து வழியாக வழிந்து உடையின் பட்டையில் ஊறும். எலாஸ்டிக்குக்கு எண்ணெய் ஆகாது, குளத்துக்கும் ஆகாது. கேப் போட்டுக்கொள்ளுங்கள்.

கரையோரம் உட்காருவதைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை எனக்கு. சொரசொரப்பான கல்லில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பேசினால், உட்காரும் இடத்தில் துணி உருண்டை உருண்டையாகத் திரளும். என் பழைய உடையில் முதலில் போனது அந்த இடம்தான். இப்போது கிக் போர்டை (கால் உதைத்துப் பழகப் பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகை) போட்டு அதன்மேல் உட்காருகிறேன்.

வெளியே வந்ததும் உடனே கழற்றுங்கள். ஈர உடையோடு டீ குடித்து அரட்டை அடித்தால், நம் ஊர்ப் புழுக்கத்தில் தொடை இடுக்கில் பூஞ்சைத் தொற்று வரும். உடைக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. கழற்றியதை அங்கேயே குழாயடியில் இரண்டு முறை பச்சைத்தண்ணீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் போய்விடும். அப்புறம் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து ஆபீஸ் முடியும்வரை மறந்துவிடுவது: எல்லாரும் ஒருமுறையாவது செய்திருப்போம். சென்னை வெயிலில் டிக்கிக்குள் இருப்பது அடுப்பு. சூடும் ஈரமும் மிச்ச குளோரினும் சேர்ந்து, குளத்தில் ஒரு வாரத்தில் நடக்கும் சேதத்தை ஒரே நாளில் செய்துவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வீட்டில் வாஷிங் மெஷின் கூடாது, வெந்நீர் கூடாது, ப்ளீச் வைத்த பவுடர் கூடவே கூடாது. வாரம் ஒருமுறை பேபி ஷாம்பூ இரண்டு சொட்டு போதும். உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் உலர்த்துங்கள். கொடியில் பட்டையைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஈரத்தின் கனம் பட்டையை நீட்டும், எனவே நடுவில் மடித்துப் போடுங்கள். கார்த்திகை மழையில் ஒரே நாளில் காயாது. அதற்காகவே இரண்டு உடை வைத்து மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. எலாஸ்டேன் உள்ள உடைக்கு, முழுதாகக் காய்ந்து பழைய நிலைக்குத் திரும்ப ஒரு நாள் ஓய்வு தேவைப்படும். இரண்டு வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து உழைக்கும் காலம், ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் வருவதைவிட அதிகம்.

படி 8: எப்போது விடைகொடுப்பது?

மாதம் ஒருமுறை ட்யூப்லைட் சோதனை செய்யுங்கள். உட்காரும் இடத்தை விளக்குக்கு நேரே இழுத்துப் பிடியுங்கள். வெள்ளை முடிகள் தெரிகிறதா, வெளிச்சம் புள்ளி புள்ளியாக வருகிறதா, விட்டதும் திரும்புகிறதா? இதில் ஒன்று தப்பினாலும் அந்த உடை குளத்துக்கு ஆகாது. யாராவது ஓர் அக்கா ஓரமாகக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம்.

தூக்கிப் போட மனம் வராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. போட்டி நீச்சல்காரர்கள் தொளதொளத்துப்போன பழைய உடையைப் புதியதன் மேல் போட்டுக்கொண்டு நீந்துவார்கள். வேண்டுமென்றே இழுவையைக் கூட்டிக்கொள்ளும் பயிற்சி அது. ஒரு மாதம் நானும் செய்து பார்த்தேன், கையில் நல்ல வலி. அதற்குப் பிறகு அந்தக் கருநீலத்தை நீளவாக்கில் கத்தரித்துவிட்டேன். மொட்டைமாடியில் தக்காளிச் செடிகளைக் குச்சியோடு கட்ட அதைவிட நல்ல நாடா கிடைக்காது, தண்டை வெட்டுவதில்லை.